வெளி யூனிட் விசிறி சுற்றவில்லை: மோட்டாரை மாற்றும் முன்னும் மாற்றும்போதும்

அறை குளிரவில்லை என்று வெளியே போய்ப் பார்க்கிறீர்கள். கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கிறது, விசிறி மட்டும் அசையாமல் நிற்கிறது. இதைக் கண்ட நொடியில் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். சோதனையெல்லாம் பிறகு. விசிறி காற்றை இழுக்காதபோது காயிலில் (குளிர்பொருள் ஓடும் குழாய்ச் சுருளில்) சேரும் வெப்பம் வெளியேற வழியில்லை. குளிர்பொருளின் அழுத்தம் மளமளவென்று ஏறும். கம்ப்ரசர் கொதித்து, அதைக் காக்கும் ஓவர்லோட் அதை நிறுத்தும். ஆறியதும் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். ஒரு பகல் முழுவதும் இப்படி விட்டுவைத்தால், சிறு செலவில் முடிந்திருக்க வேண்டிய பழுது கம்ப்ரசரையும் கொண்டுபோய்விடும்.

விசிறி நின்றதும் புது மோட்டார் வாங்கிவிடுவது பலருடைய வழக்கம். அது தவறான தொடக்கம் என்பேன். மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் வலுவிழந்தாலும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே கருகினாலும், ஒரு வயர் தளர்ந்தாலும், இறக்கையில் ஒரு குச்சி சிக்கினாலும் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். இவற்றில் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

பழுதே இல்லாமல் விசிறி நிற்கும் நேரங்களும் உண்டு. அறை வெப்பநிலை ரிமோட்டில் வைத்த அளவை எட்டியதும் கம்ப்ரசரும் விசிறியும் சேர்ந்தே ஓயலாம். அணைத்துப் போட்டால் கம்ப்ரசரைக் காக்கச் சுமார் 3 நிமிடம் காத்திருக்கும்படி ஏ.சி.யின் மின்னணுப் போர்டு அமைக்கப்பட்டிருக்கும். வெப்பமூட்டும் வசதி உள்ளவற்றில், வெளிக் காயிலில் படிந்த உறைபனியைக் கரைக்கும்போது விசிறி வேண்டுமென்றே நிறுத்தப்படும். கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் ஏ.சி.யில் வெளியே குளிர்ச்சியான வானிலை இருந்தால் விசிறி வேகம் மிகவும் குறையும். ஆகவே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தும், குளிரூட்டும் முறையில் இருந்தும், விசிறி நிற்கிறதா என்பதே கேள்வி.

தொடும் முன்

ரிமோட்டில் அணைப்பது அணைப்பதே அல்ல. ஏ.சி.க்குரிய எம்.சி.பி.யை (மின்பலகையில் உள்ள தானியங்கிச் சுவிட்சை) இறக்குங்கள்; வேறு யாரும் ஏற்றிவிடாதபடி அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பிறகு வெளி யூனிட்டின் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து மின்சாரம் இல்லை என்று பாருங்கள். அதற்கு முன், மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் அதே மீட்டரைச் சோதித்துக்கொள்ளுங்கள். மீட்டரே வேலை செய்யவில்லை என்றால் அது காட்டும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். சுமார் 20 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, கைப்பிடி நன்றாகக் காப்பிடப்பட்ட கிளிப்புகளால் அதன் முனைகளுக்கிடையே 10 விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரால் வோல்ட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கையையும் சுடும்.

இன்வெர்ட்டர் ஏ.சி.யில் இன்னும் கவனம் வேண்டும். 220-230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறி, 310 வோல்ட்டுக்கு அருகிலோ அதற்கும் மேலோ பெரிய கெப்பாசிட்டர்களில் நிற்கிறது. உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இது. எம்.சி.பி.யை இறக்கிய பிறகு குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். போர்டில் உள்ள சிறு விளக்கு அணைந்த பிறகும் மீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் மட்டுமே கை வையுங்கள்.

யூனிட் மாடிச் சுவரின் வெளிப்புறத்தில் தொங்குகிறது, எட்டிப் பிடித்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் இதை நீங்கள் செய்ய வேண்டாம். பாதுகாப்புக் கயிறும் அனுபவமும் உள்ளவர் வரட்டும். மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்களும் கீழே வரும் அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேட்டால் அதுவே பெரிய பயன்.

உங்கள் மோட்டார் எந்த வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சோதனையும் பொருந்தாது. சாதாரண, நிலையான வேக ஏ.சி.யின் வெளி யூனிட்டில் இருப்பது கெப்பாசிட்டருடன் ஓடும் மாறுமின்சார மோட்டார். பெரும்பாலும் அதிலிருந்து மூன்று மின் வயர்களும் தேவைப்பட்டால் ஓர் எர்த் வயரும் வரும். அவற்றில் இரண்டு வயர்களுக்கிடையே கெப்பாசிட்டர் இருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் பெரும்பாலும் பி.எல்.டி.சி. எனப்படும் நேர்மின்சார மோட்டார் இருக்கும். அதற்குத் தனிக் கெப்பாசிட்டர் கிடையாது, ஐந்து வயர் அல்லது மூன்று வயர் கொண்ட ஒரே பிளக் போர்டில் செருகப்பட்டிருக்கும். அறைக்குள் இருக்கும் யூனிட்டில் மூன்றாவது ஒரு வகையும் உண்டு: மாறுமின்சார மோட்டார்தான், ஆனால் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன் என்று போர்டுக்குச் சொல்லும் சென்சார் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். அதில் இரண்டு பிளக்குகள் இருக்கும், ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று சென்சாருக்கு.

வயர் நிறங்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வயரிங் படம்தான் சாட்சி.

அறிகுறி: உறுமல் கேட்கிறது, விசிறி சுற்றவில்லை

மிகுதியாக வரும் பழுது இதுதான், மிகுதியாகத் தவறாகத் தீர்க்கப்படுவதும் இதுதான். மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் சுழலத் தொடங்க முடியவில்லை என்பது பொருள். காரணம் இரண்டில் ஒன்று: ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது தொடக்க விசை கிடைக்கவில்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேல்மூடியையும் முன்கிரில்லையும் கழற்றுங்கள். இறக்கையைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் உள்ள மோட்டார் ஒரு தட்டுக்குச் சில சுற்றுகள் சத்தமின்றிச் சுற்றி, மெதுவாக நிற்கும். கையை எடுத்ததும் பிடித்தாற்போல் நின்றாலோ, கரகரப்பு விரலில் தெரிந்தாலோ பேரிங் போய்விட்டது. இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் (மோட்டாரின் சுழலும் அச்சு) பக்கவாட்டில் ஆடினால் அதுவும் பேரிங்கின் முடிவு. இங்கேயே மோட்டார் மாற்ற வேண்டும் என்று தீர்மானித்துவிடலாம்.

தாராளமாகச் சுற்றினால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல் போக வேண்டும். இந்த வகை மோட்டாரில் இரண்டு வைண்டிங்குகள் (கம்பிச் சுருள்கள்) உண்டு. ஒன்று நேரடியாக மின்சாரம் பெறும். மற்றொன்று கெப்பாசிட்டர் வழியாகப் பெறும். அப்படி வரும் மின்னோட்டம் காலத்தில் சற்று விலகி இருப்பதால்தான் சுழலும் காந்தப்புலம் உருவாகிறது. கெப்பாசிட்டர் இல்லாமல் போனால் காந்தப்புலம் இருந்த இடத்திலேயே துடிக்கும், சுழலாது. அந்தத் துடிப்பைத்தான் உறுமலாகக் கேட்கிறோம்.

உப்பிய தலை, எண்ணெய்க் கசிவு, உருகிய பிளாஸ்டிக் ஆகியவை தெரிந்தால் அளக்கவே தேவையில்லை. ஆனால் பார்க்க நன்றாக இருக்கும் கெப்பாசிட்டரும் உள்ளே வலுவிழந்திருக்கும். மின்னூட்டத்தை நீக்கி, வயர்களைக் கழற்றி, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரால் அளவெடுங்கள். உடம்பில் 2.5 மைக்ரோஃபாரட் என்றும் ±5% என்றும் அச்சிட்டிருந்தால் ஏறத்தாழ 2.4 முதல் 2.6 வரை காட்ட வேண்டும். 1.8 காட்டினால் அது கெட்டதுதான். சில யூனிட்டுகளில் கம்ப்ரசருக்கும் விசிறிக்கும் ஒரே உருளையில் இரட்டைக் கெப்பாசிட்டர் இருக்கும். மூன்று முனைகள்: பொதுவானதற்கு ‘சி’, விசிறிக்கு ‘ஃபேன்’, கம்ப்ரசருக்கு ‘ஹெர்ம்’. பொது முனைக்கும் விசிறி முனைக்கும் இடையே அளக்க வேண்டும். கம்ப்ரசர் பகுதி நன்றாக இருந்து விசிறிப் பகுதி மட்டும் செத்துப்போவது சாதாரணமாக நடப்பது. கம்ப்ரசர் ஓடுகிறதே, கெப்பாசிட்டர் எப்படிக் கெட்டிருக்கும் என்று பலர் குழம்பும் இடம் இது.

மாற்றும் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவு அதே இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதே அல்லது அதைவிட அதிகம் இருக்கலாம், குறையக் கூடாது. ‘சற்றுப் பெரிதாகப் போட்டால் நன்றாக இழுக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரிய கெப்பாசிட்டர் துணை வைண்டிங்கில் மிகை மின்னோட்டத்தைச் செலுத்தி மோட்டாரைச் சூடாக்கும்.

கிரில் இடுக்கில் மரக்குச்சியை விட்டு, மின்சாரம் இருக்கும்போதே இறக்கையைத் தள்ளிப் பார்க்கும் சோதனை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. தள்ளியதும் ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் குற்றவாளி என்பது உண்மைதான். ஆனால் மீட்டர் ஒன்றிருந்தால் அதே பதில் ஆபத்தில்லாமல் கிடைக்கிறது. அந்தச் சோதனையை நான் பரிந்துரைக்கவில்லை.

அறிகுறி: சத்தமே இல்லை, அசைவும் இல்லை

இப்போது மின்சாரம் மோட்டார் வரை வருகிறதா என்பதே முதற்கேள்வி. பல நிலையான வேக ஏ.சி.களில் கம்ப்ரசருக்கும் விசிறிக்கும் ஒரே லைனிலிருந்துதான் மின்சாரம் பிரிகிறது. அங்கே கம்ப்ரசர் ஓடுகிறதென்றால் யூனிட் வரை மின்சாரம் வந்துவிட்டது. தளர்ந்த இணைப்பு, அறுந்த வயர் அல்லது வைண்டிங் என்று தேடல் சுருங்கிவிடும். விசிறிக்குத் தனி ரிலே உள்ள யூனிட்டில் அந்த ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். எறும்புகள் தொடுமுனைகளுக்கிடையே நசுங்கி இணைப்பைத் தடுப்பதும், பல்லி போர்டில் விழுந்து கருகுவதும் அரிதல்ல. போர்டை ஒருமுறை கண்ணால் நன்றாகப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் முனையில் வோல்ட் அளக்கும் வேலை, அதில் பழகியவர் மட்டுமே செய்ய வேண்டியது.

மின்சாரம் வந்தும் மோட்டார் ஊமையாக இருந்தால் வைண்டிங்கை அளக்கலாம். இது மின்சாரமின்றிச் செய்யும் சோதனை. மூன்று வயர்களையும் இணைப்பிலிருந்து கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளவெடுங்கள். எடுத்துக்காட்டாக 150, 200, 350 ஓம் என்று மூன்று அளவுகள் வந்தால் வைண்டிங் தொடர்ச்சி சரியாக இருக்கிறது: இரண்டு சிறிய அளவுகளின் கூட்டுத்தொகை பெரிய அளவுக்குச் சமம். மிகப் பெரிய அளவு காட்டும் ஜோடியில் சேராத வயர்தான் பொது வயர். எண்கள் மோட்டாருக்கு மோட்டார் மாறும். கூட்டல் கணக்கு மாறாது. ஏதாவது ஒரு வைண்டிங் முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது.

ஆனால் மோட்டார் சூடாக இருக்கும்போது இந்தத் தீர்ப்பை எழுதாதீர்கள். உள்ளே வெப்பத்தில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு ஒன்று பெரும்பாலான மோட்டார்களில் இருக்கிறது. அது பொது வயர் வழியில் இருப்பதால், திறந்திருக்கும்போது பொது வயரோடு எடுக்கும் இரண்டு அளவுகளும் முடிவிலி காட்டும், மற்ற ஜோடி மட்டும் ஓம் காட்டும். அப்படிப் பார்த்தால் மோட்டார் முழுவதும் ஆறும் வரை, தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேலும், காத்திருந்து மீண்டும் அளந்து பாருங்கள். ஆறியதும் உயிர் வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடுகிறது, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது

காலையில் ஓடும், நடுப்பகலில் நிற்கும், இரவில் மீண்டும் ஓடும். மேலே சொன்ன வெப்பப் பாதுகாப்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஏன் சூடாகிறது என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது. உலர்ந்த பேரிங், வலுவிழந்த கெப்பாசிட்டர், குறைந்த மின்னழுத்தம், தூசி அடைத்த காயில் ஆகிய நான்கையும் வரிசையாகப் பாருங்கள். வெளிக் காயிலின் தகடுகளில் பஞ்சுபோல் அழுக்கு படிந்திருந்தால் மோட்டாரைச் சுற்றி ஓடும் காற்று கொதிக்கும் காற்றாகிவிடும். அந்த மோட்டார் தன்னைக் குளிர்விக்க அதே காற்றைத்தான் நம்பியிருக்கிறது. இந்த நான்கும் சரியாக இருந்து, வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் மோட்டார் பெயர்த்தகட்டில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் வைண்டிங்குக்குள்ளேயே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. மோட்டார் மாற்ற வேண்டியதுதான்.

பேரிங்கில் எண்ணெய் விட்டுச் சில வாரம் ஓட்டலாமா என்று கேட்பார்கள். மூடிய பால் பேரிங்குக்குள் எண்ணெய் போகாது. குண்டுகள் இல்லாத புஷ் பேரிங் சற்று நேரம் அமைதியாகும், பிறகு முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். புது மோட்டார் வரும்வரை ஏ.சி.யை நிறுத்தி வைப்பதே கம்ப்ரசருக்கு நீங்கள் செய்யும் நன்மை.

அறிகுறி: மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது திசை மாறிச் சுற்றுகிறது

மெதுவான சுழற்சிக்குக் காரணம் பெரும்பாலும் கெப்பாசிட்டர். ஷாஃப்ட் முழு வேகத்தில் ஓட, இறக்கை மட்டும் வழுக்கி மெதுவாக வருவதும் உண்டு. அப்போது இறக்கையின் நடுத்துளை தேய்ந்திருக்கும் அல்லது நட் தளர்ந்திருக்கும்.

எதிர்த்திசைச் சுழற்சி பலரைத் திகைக்க வைக்கும். கெப்பாசிட்டர் முழுவதும் செத்த மோட்டாருக்குத் தனக்கென்று ஒரு திசை இல்லை. காற்று எந்தப் பக்கம் இறக்கையைத் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். எனவே பழைய மோட்டார் திடீரென்று தலைகீழாகச் சுற்றினால் கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள். புதிதாகப் போட்ட மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் வயர் இணைப்பைப் பாருங்கள்.

அறிகுறி: கீச்சொலி, அதிர்வு, தட்டும் ஓசை

தொடர்ந்து வரும் கீச்சொலி பேரிங். சுற்றுக்கு ஒருமுறை வரும் ‘டக்’ ஒலி இறக்கை எதிலோ இடிப்பது. யூனிட் முழுவதும் நடுங்கினால் இறக்கை நுனி உடைந்திருக்கிறதா, மோட்டாரைத் தாங்கும் பட்டையின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உடைந்த இறக்கையை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. சமநிலை இழந்த இறக்கை நல்ல பேரிங்கையும் சில மாதங்களில் தின்றுவிடும். மோட்டார் மட்டும் புதிதாகப் போட்டு இறக்கையை விட்டுவிட்டால் அதே பழுதுக்கு மறுபடியும் வந்து நிற்பீர்கள்.

அறிகுறி: போட்டதும் எம்.சி.பி. விழுகிறது

மோட்டார் வயர் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். முடிவிலிதான் வர வேண்டும். மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் அளப்பதால் மெல்லிய கசிவு அதில் தெரியாமல் போகும். மெகர் எனப்படும் காப்புச் சோதனைக் கருவி 500 வோல்ட்டில் அளந்து உண்மையைச் சொல்லிவிடும். மழைக்குப் பிறகு மட்டும் விழுகிறதென்றால் நீர் மோட்டாருக்குள் போயிருக்கலாம். மோட்டாரை மின்னிணைப்பிலிருந்து கழற்றிய பிறகும் எம்.சி.பி. விழுந்தால் பழுது கம்ப்ரசரிலோ வயரிலோ இருக்கிறது. யூனிட் உடம்பைத் தொட்டால் மின்னதிர்ச்சி வருகிறது என்றால் சோதனையே வேண்டாம், எம்.சி.பி.யை இறக்கியபடி விட்டு, எர்த் இணைப்போடு சேர்த்து ஒரு எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

அறிகுறி: இன்வெர்ட்டர் யூனிட் பிழைக் குறியீடு காட்டி நிற்கிறது

குறியீட்டின் பொருள் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் கையேட்டில் உள்ளதை மட்டும் நம்புங்கள். ‘விசிறி மோட்டார் பிழை’ என்று கையேடு சொன்னாலும் அது மோட்டார்தான் என்று பொருளல்ல. போர்டு ஓடச் சொன்னது, சுற்றியதற்கான அடையாளம் திரும்பி வரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஐந்து வயர் மோட்டாரில் பெரும்பாலும் ஒன்று 310 வோல்ட் அளவிலான உயர் மின்சாரம், ஒன்று பொதுத் தரை, ஒன்று மோட்டாருக்குள் உள்ள மின்னணுச் சுற்றுக்கான 15 வோல்ட், ஒன்று வேகக் கட்டளைக்கான சிறு மின்னழுத்தம், ஒன்று சுற்றின் எண்ணிக்கையைப் போர்டுக்குத் திருப்பிச் சொல்லும் துடிப்பு. உயர் மின்சாரமும் 15 வோல்ட்டும் கட்டளையும் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் பழுது. கட்டளையே வரவில்லை என்றால் போர்டு பழுது. சுற்றுகிறது, ஆனால் சில விநாடிகளில் நின்று பிழை காட்டுகிறது என்றால் துடிப்பு திரும்பவில்லை. மின்சாரம் இருக்கும்போது செய்யும் இந்த அளவெடுப்பு பயிற்சி பெற்றவருக்கானது.

மின்சாரமில்லாமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு உயர் மின்சார வயருக்கும் தரை வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் மோட்டாருக்குள் ஷார்ட். அது போர்டில் உள்ள ஃபியூஸையோ அதற்கு முன்னுள்ள பாகங்களையோ எரித்திருக்க வாய்ப்பு மிகுதி. ஷார்ட் ஆன பழைய மோட்டாரைப் புதுப் போர்டில் செருகினால் புதுப் போர்டும் போகும். இரண்டையும் சோதிக்காமல் ஒன்றை மட்டும் மாற்றுவது இங்கே பெரும் நஷ்டம். மூன்று வயர் மட்டும் உள்ள மோட்டாரில் மூன்று ஜோடிகளும் ஏறத்தாழ ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்று விலகினால் மோட்டார் போய்விட்டது.

மின்சாரம் இருக்கும்போது இந்தப் பிளக்கைக் கழற்றவோ செருகவோ கூடவே கூடாது. அந்த ஒரு நொடியில் எழும் மின்வீச்சு மோட்டாருக்குள் உள்ள சுற்றை அழித்துவிடும்.

புது மோட்டார் வாங்கும்போது

அதே மாடலுக்கான மோட்டார் கிடைத்தால் அதுவே நல்லது. பி.எல்.டி.சி. மோட்டாருக்கு வேறு வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக் பொருந்துவதால் மட்டும் மோட்டார் பொருந்திவிடாது. மாறுமின்சார மோட்டாருக்கு மாற்று தேடுவதானால் பழையதன் பெயர்த்தகட்டைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், வாட், ஆம்பியர், கெப்பாசிட்டர் அளவு, ஷாஃப்ட் விட்டமும் நீளமும், போல்ட் துளைகளின் இடைவெளி, சுழலும் திசை ஆகிய எல்லாம் பொருந்த வேண்டும். திசையை ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்துச் சொன்னார்களா, பின்புறமிருந்தா என்று கேட்டுத் தெளிவாகுங்கள்.

வேகத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 6 காந்தத் துருவங்கள் கொண்ட மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1000 சுற்றும், 4 துருவத்தில் 1500 சுற்றும். மோட்டார் அதற்குச் சற்றுக் குறைவாக ஓடும். விசிறி இறக்கை கேட்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 6 துருவத்துக்குப் பதில் 4 துருவம் போட்டு வேகம் ஒன்றரை மடங்கானால் சுமை மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அதே வாட் எண் எழுதியிருந்தாலும் அந்த மோட்டார் எரிந்துபோகும்.

கழற்றுவது

வயர்கள் போகும் பாதை, எங்கே கட்டப்பட்டுள்ளன, எந்த முனையில் எது என்று எல்லாவற்றையும் கழற்றும் முன்பே படமெடுங்கள். வயர்களில் சிறு ஒட்டுத்தாளில் பெயரெழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. இறக்கையின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்பதையும், வளையத்துக்குள் அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இந்த ஆழத்தைப் பொறுத்தது.

இறக்கையைப் பிடித்திருக்கும் நட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பல ஸ்பிளிட் யூனிட்டுகளில் இது மெக்கானிக்குகள் லெஃப்ட் திரெட் என்று சொல்லும் இடப்புரி மரை கொண்டது. வழக்கத்துக்கு மாறாக, கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். சுழலும்போது தானாகத் தளராமல் இருக்கவே இப்படி அமைக்கிறார்கள். இறக்கையின் நடுவில் அம்புக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஷாஃப்ட் நுனியில் தெரியும் மரையின் சாய்வைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வலுவாகத் திருகுவது அதற்குப் பிறகுதான். பெரிய யூனிட்டுகளில் நட்டுக்குப் பதில் பக்கவாட்டுத் திருகாணி ஒன்று ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும்.

துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து, அரைமணி நேரமாவது விடுங்கள். ஷாஃப்ட்டில் வெளியே நீட்டியிருக்கும் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இறக்கை அதன் மேல் வழுக்கி வர வேண்டுமே. பிறகு இரு கைகளாலும் நடுப்பகுதியைப் பிடித்துச் சமமாக இழுங்கள். வரவில்லை என்றால் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு, அல்லது புல்லர் கருவி. சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. இறக்கையின் நுனியைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் விரியும், உலோகம் வளையும்.

இறக்கை வந்த பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளும் எளிது. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்; விழுந்தால் காயிலின் தகடுகளும், ஏன், செம்புக் குழாயும் சேதமாகும். இந்த வேலை முழுவதிலும் குளிர்பொருள் குழாய் எதையும் திறக்கத் தேவையே இல்லை. குளிர்பொருள்களில் ஆர்32 மெல்லத் தீப்பற்றக்கூடியது, ஆர்290 எளிதில் தீப்பற்றக்கூடியது. குழாயில் கீறல் விழுந்து சீறல் கேட்டால் வேலையை விட்டு விலகி, காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள், பொறி எதையும் எழுப்பாதீர்கள்.

பொருத்துவது

மோட்டாரிலிருந்து வயர் வெளிவரும் பக்கம் கீழே பார்க்கும்படி வையுங்கள். வயரை நேராக இழுத்துக் கட்டாமல், இணைப்புக்கு முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயர் வழியே வழியும் மழைநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் ஏறாது. ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும் வகையில் மோட்டாரின் இரு முனைகளிலும் நீர் வடியும் துளைகள் அடைப்பான்களோடு வரும்: கீழே வரும் முனையின் அடைப்பான்களை மட்டும் எடுங்கள், மேலே உள்ளவை இருக்கட்டும்.

போல்ட்டுகளை நான்கையும் கையால் பிடிக்கவைத்து, மூலைவிட்டமாக மாறி மாறி இறுக்குங்கள். இறக்கையைக் குறித்த ஆழத்தில் பொருத்துங்கள், இறக்கைத் துளையின் தட்டையான பக்கம் ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தோடு சேர வேண்டும். எர்த் வயரை மறக்காதீர்கள். கெப்பாசிட்டரையும் புதிதாகவே போடுங்கள். பழையது அளவில் தேறினாலும், பழைய மோட்டாரோடு வெயிலில் காய்ந்ததுதான் அதுவும். அளவு புது மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ளதாக இருக்க வேண்டும்.

மூடும் முன் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எந்த வயரும் இறக்கைக்கு அருகில் வரக் கூடாது. கிரில்லைப் பூட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள். முன்கிரில் வழியாக, அல்லது மேல்நோக்கி ஊதும் யூனிட்டில் மேலே, வெப்பக் காற்று வெளியேறுகிறதா என்று கையை எட்ட வைத்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் திசை தவறு. கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பெயர்த்தகட்டு அளவுக்குள் இருக்க வேண்டும். அரைமணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள்.

அறைக்குள் இருக்கும் யூனிட்டில் பழுது என்றால்

உள் விசிறி நின்றால் அறையில் காற்று வராது, காயிலில் பனி கட்டும், பிறகு நீர் சொட்டும். முதலில் வடிகட்டி வலையைக் கழுவி, பனி முழுவதும் கரைந்த பிறகு சோதியுங்கள். இடப்பக்க நுனியில் உருளை விசிறியைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் கீச்சொலி வரும். அது சிறு பாகம், மோட்டாரைத் தொடாமலேயே தீர்ந்துவிடும். விசிறி சில விநாடி வேகமாகச் சுற்றி நின்று பிழை காட்டினால் மோட்டாருக்குள் உள்ள வேகச் சென்சார் அல்லது அதன் பிளக்கைப் பாருங்கள்.

மாற்றும் வேலை வெளி யூனிட்டைவிட நுணுக்கமானது. உருளை விசிறியை மோட்டாரோடு பிணைக்கும் திருகாணி, விசிறியின் தகடுகளுக்கிடையே உள்ள சற்று அகலமான இடைவெளியில்தான் தெரியும். மோட்டாரை எடுக்க, பல மாடல்களில் காயிலின் ஒரு முனையைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். அப்போது செம்புக் குழாய் மடிந்தால் முழுக் குளிர்பொருளும் போய்விடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்தில் மெக்கானிக்கை அழைப்பதே சரி.

புது மோட்டாரும் விரைவில் போனால்

மோட்டாரின் தரத்தைக் குறை சொல்லும் முன் அதைக் கொன்றது எது என்று தேடுங்கள். கெப்பாசிட்டர் அளவு பொருந்துகிறதா, இறக்கை சமநிலையில் இருக்கிறதா, காயில் கழுவப்பட்டதா, யூனிட்டுக்குப் பின்னாலும் முன்னாலும் காற்றுக்கு இடமிருக்கிறதா, கம்ப்ரசர் தொடங்கும் நேரத்தில் மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் நிற்கிறதென்றால், எரிந்த மோட்டாரின் வயர் நுழையும் இடத்தில் நீர்த்தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். வெள்ளைக் கறையோ துருக்கோடோ தெரிந்தால், அடுத்த மோட்டாரைப் பொருத்தும்போது வயர் வெளிவரும் பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.